ஏழு முதுகுகளின் படம்

பெரும்பாவூர்,
ஆகஸ்ட் 6, வியாழன்.

என் அருமை எல்தோவுக்கு,

பைலி எழுதுவது. ஆமாம், பைலிதான், என் கையாலேயே. யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. நம்பிக்கை இல்லையென்றால் எழுத்தைப் பார். இவ்வளவு கோணலாக எழுத இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது. எழுபத்து மூன்று வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. ஏலியாம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "கட்டிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வரி எழுதியிருக்கீங்களா மனுஷா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். அவளுக்கு அப்புறம் எழுதிக்கொள்ளலாம். பக்கத்தில்தானே இருக்கிறாள்.

இங்கே மழை விட்டபாடில்லை. மில்லுக்கு அறுக்க வந்த மரத்தடிகள் எல்லாம் நனைந்து ஊறிக் கிடக்கின்றன. பத்தேரியில் குளிர் எப்படி? உன் தங்கை சாலி உனக்குப் போர்த்திக்கொள்ள நல்லதாக ஏதாவது கொடுத்தாளா?

உன் போன் அணைந்தே கிடக்கிறது. அதனால் சாலியைக் கூப்பிட்டேன். காலை பதினொரு மணி. "அவன் தூங்கறான் சேட்டா" என்றாள். மறுநாள் மூன்று மணிக்குக் கூப்பிட்டேன். அப்போதும் தூங்குகிறாய். மூன்றாம் தடவை அவள் போனை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் கடிதம் எழுதலாம் என்று தோன்றியது. தூங்குகிறவன் எழுந்திருக்கும்வரை கடிதம் தலைமாட்டில் காத்திருக்கும்.

நீ போன பிறகு இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. நீ போவதற்கு முன்னால் நடந்ததிலும் ஒன்று உனக்குத் தெரியாது. முதலிலிருந்தே வருகிறேன், பொறுமையாகப் படி. எனக்கு ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது.

குடியை விட்டவர்கள் கூடும் நம் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு இருபத்தைந்து வருஷம் ஆகிறது, பத்திரிகையில் எழுத வேண்டும் என்று செபீனா என்ற அந்தப் பெண் வந்தாளே, அன்று கோரா சார் அவளிடம் பேசியபோது நீ ஸ்கூல் வண்டி ஓட்டப் போயிருந்தாய். நான் கூடவே இருந்தேன். பத்திரிகைக்காரர்களிடம் பேச நம்மில் அவரை விட்டால் யார்? முப்பது வருஷம் தபால் ஆபீசில் இருந்தவர். ஊரார் சங்கதியைப் பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோய்ச் சேர்த்த கை. அவர் அவளிடம் மூன்றே மூன்று சொன்னார். முழுப் பெயர் கூடாது. முகம் கூடாது. எங்களைப் புகழவும் கூடாது, நாங்கள் கூவி விற்கிறவர்கள் இல்லை.

அவள் விடவில்லை. "பாரையெல்லாம் மூடணும்னு சொல்றாங்களே, அதைப் பத்தியாவது சொல்லுங்க சார்" என்றாள்.

"அதுல எங்களுக்குக் கருத்து இல்ல மோளே."

"குடியை விட்டவங்களுக்கே கருத்து இல்லையா?"

"தீயில விழுந்து எழுந்தவன்கிட்ட வந்து விறகுக்கடையை மூடலாமான்னு கேக்குற. அவனுக்குப் புண்ணு ஆறினா போதும்."

அவள் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாள். எழுதியதை நான் பக்கத்திலிருந்து படித்தேன், எல்தோ. ஒருத்தர் பேசுவது இன்னொருத்தர் கையில் எழுத்தாக மாறுவதை முதல்முறையாகப் பார்த்தேன். தலைகால் புரியவில்லை. என் புத்தி கெட்டது அந்த இடத்தில்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

முகம் ஏன் கூடாது என்று உனக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? நான் சேர்ந்த இரண்டாம் வருஷம் நம் ஆள் ஒருத்தரை, பெயர் எழுத மாட்டேன், பெரிய மேடையில் ஏற்றி மாலை போட்டார்கள். மறுநாள் பேப்பரில் பாதிப் பக்கத்துக்கு அவர் முகம். நாங்கள் எல்லோரும் வெட்டி வைத்துக்கொண்டோம். நாலாம் மாதம் அவர் மறுபடி குடித்தார். நம்மில் யார்தான் விழவில்லை? ஆனால் அவர் விழுந்தது மாலை போட்ட முகத்தோடு. திரும்பி வர வெட்கப்பட்டு வராமலே போய்ச் சேர்ந்தார். அந்த வாரம் நம் கதவுவரை வந்திருந்த புது ஆள் ஒருவன், "இவங்களாலேயே முடியல, நான் எங்கே" என்று திரும்பிப் போனான். கோரா சார் அன்றிலிருந்து பேப்பரைத் தொட்டால் கையைக் கழுவிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

இதெல்லாம் தெரிந்துதான் நான் அப்படிச் செய்தேன்.

வெள்ளிக்கிழமை.

நேற்று விரல் மரத்துப்போனதால் நிறுத்திவிட்டேன். தடி தூக்கிய கைக்குப் பேனா கனக்கிறது, சொன்னால் சிரிப்பாய்.

படம் எடுப்பதா வேண்டாமா என்று கூட்டத்தில் கேட்டது உனக்கு நினைவிருக்கும். கோரா சார், "வாசல் கதவை எடுக்கட்டும். நாற்காலியை எடுக்கட்டும். ஒரு கிளாஸ் கட்டன் சாயாவை எடுக்கட்டும். ஆளு வேண்டாம்" என்றார். நான்தான் எழுந்தேன். "வெறும் நாற்காலியைப் போட்டா கல்யாண ஹால் வாடகைக்குன்னு நினைப்பாங்க சார். திரும்பி நிப்போம். முதுகுக்கு யாரு பேரு வச்சா?" எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த கையோடு கையைத் தூக்கினார்கள். பதினொரு பேர் வேண்டும் என்றார்கள், மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். அந்த மூன்றில் நீ ஒருத்தன்.

வேண்டாம் என்று கை தூக்கியவனையே சனிக்கிழமை நான் இழுத்துப்போய் நிறுத்தினேன். ஆறு பேர்தான் தேறினோம், படத்தில் ஓரம் காலியாக இருக்கிறது என்று அந்தப் போட்டோக்காரர் சொன்னார். நீ ஸ்கூல் பஸ்ஸிலிருந்து பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து அப்போதுதான் சைக்கிளை நிறுத்துகிறாய். "நான் வேண்டாம் சேட்டா" என்றாய். "எடா, எனக்காக வாடா" என்றேன். நீ வந்தாய். எனக்காக என்றால் நீ எப்போதும் வருவாய்.

திங்கட்கிழமை பேப்பர் வந்தது. ஏழு முதுகுகள். நாங்கள் ஆறு பேர் யார் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. மூன்றாவதாக நின்ற காக்கிச் சட்டையின் முதுகில் மட்டும் பள்ளியின் பெயர், கீழே டிரைவர் என்று. முகத்தை மறைக்க அவ்வளவு யோசித்த நாங்கள் யாரும் முதுகைப் பார்க்கவில்லை.

நீ அன்று மத்தியானம் என் வாசலுக்கு வந்தாய். நான் பேப்பரை ஆட்டிக்கொண்டு, "பாத்தியாடா, நம்ம முதுகு!" என்று கத்தினேன். சாவியை வாங்கிவிட்டார்கள் என்று நீ சொன்னது எனக்குக் காதில் ஏறவே கொஞ்ச நேரம் ஆனது. பெற்றோர் பதினெட்டுப் பேர் போன் செய்தார்களாம். ஆறு வருஷம் இரண்டு மாதமாக ஒரு சொட்டுத் தொடாதவன் கையிலிருந்து, குடிகாரன் என்று சாவியை வாங்கினார்கள். "நான் சாலி வீட்டுக்குப் போறேன் சேட்டா" என்றாய். நீ உள்ளே வரவில்லை. ஏலியாம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலமே கோரா சார் வீட்டில் கூடினோம். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பேப்பரில் திருத்தம் போடச் சொல்ல வேண்டும் என்றார் ஒருத்தர். கோரா சார், "என்னன்னு போடுவாங்க? படத்தில் இருப்பது இன்ன ஸ்கூல் டிரைவர் அல்லன்னா? பாக்காதவனும் தேடிப் பாப்பான்" என்றார். சரி, எல்லோருமாகப் பள்ளிக்குப் போய், எல்தோ ஆறு வருஷமாகத் தொடவில்லை என்று சாட்சி சொல்வோம் என்றேன் நான். அதற்கும் வேண்டாம் என்று தலையசைத்தார். "அவன் நம்ம ஆளுன்னு சொல்ல நமக்கு உரிமை இல்ல பைலி. அது அவன் சொல்ல வேண்டியது."

எனக்கு வந்ததே கோபம். "அவன் முதுகுல எழுதி ஊரே படிச்சாச்சு. இனி எதை மூடி வைக்கிறீங்க? உங்க சட்டத்தையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒருத்தன் சட்டை கிழிஞ்சு போச்சுன்னு நாம மீதியையும் உருவணுமா?" என்றார்.

செபீனாவும் வந்தாள், நனைந்துகொண்டே. தானும் அந்த எழுத்தைக் கவனிக்கவில்லை என்றாள். பாவம். இணையத்தில் இருந்த படத்தை எடுக்க வைத்துவிட்டாள். குடியை விட்டவனை வேலையை விட்டு நிறுத்திய அநியாயம் என்று இன்னொரு செய்தி எழுதட்டுமா, நாலு பேர் சத்தம் போட்டால் வேலை திரும்பக் கிடைக்குமே என்று கேட்டாள். கோரா சார், "எல்தோ சொன்னா எழுது. இல்லேன்னா வேண்டாம்" என்றார். அதை உன்னிடம் கேட்கும் பொறுப்பு என் தலையில். கேட்டுவிட்டேன். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். பேப்பரில் ஏறி வாங்கிய வேலையைக் காப்பாற்ற, நீ தினமும் பேப்பரில் இருக்கிறவன் மாதிரி நடக்க வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை.

இனி சாயாக்கடைச் சங்கதி. இதைப் படித்து நீ சிரிக்க வேண்டும் என்று ஆசை.

குஞ்ஞப்பன் கடையில் ஒரு வாரமாக உன் முதுகுதான் பேச்சு. கடைச் சுவரில் அந்தப் பேப்பரை ஒட்டியே வைத்துவிட்டான். "பைலிச் சேட்டா, நாலாவதா நிக்கிறது நீங்கதானே? இந்தக் கூன் யாருக்கு இருக்கு? அப்ப பக்கத்துல காக்கி யாரு? உண்மையைச் சொல்லணும்" என்று பிடித்துக்கொண்டான். முதலில், மூவாற்றுப்புழையிலிருந்து வந்த என் சகலை என்று சொல்லலாமா என்று நினைத்தேன். ஆனால் பதினாலு வருஷமாகப் பொய் சொல்லாமல் இருந்து பழகிவிட்டது, நாக்கு புரளவில்லை.

என் கதையை ஊரில் வாயால் சொல்ல எனக்குத் தடை இல்லையே, பேப்பரில்தானே கூடாது? எழுந்து நின்றேன். "நாலாவது நான்தான். நான் குடிகாரன். அதைவிடப் பெரிய சங்கதி ஒண்ணு இருக்கு, கேக்குறீங்களா? இந்தக் கடையில நாப்பது வருஷமா பேப்பர் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேனே, அப்பல்லாம் எனக்கு ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது."

குஞ்ஞப்பன் பால் பாத்திரத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டான். "அப்ப சினிமாப் பக்கத்தைப் பாத்துட்டு, அரசாங்கம் கவிழும்னு சொன்னீங்களே!"

"பக்கத்துல இருந்தவன் படிச்சதைக் கேட்டுச் சொன்னேன்."

"கவிழ்ந்துச்சே சேட்டா!"

அப்புறம் அவர்கள் என்னை விடவில்லை. பேப்பரை எப்படிப் புரட்டினேன், மில்லில் ரசீதை என்ன செய்தேன், போன வருஷம் முழுக்கப் பக்கத்துப் பஞ்சாயத்து நூலகத்தில் யாருக்கும் தெரியாமல் டீச்சரிடம் படித்தது, பரீட்சையில் பக்கத்துப் பாட்டியைப் பார்த்து எழுதப்போய்த் திட்டு வாங்கியது, எல்லாம் சொன்னேன். சிரித்துச் சிரித்து ஒருத்தனுக்குப் புரையேறியது. மறுநாள் நான் போகும்போது, "வாங்க எழுத்தச்சரே" என்று அந்தப் பெருங்கவியின் பெயரைச் சூட்டி வரவேற்பு. சுவரில் பேப்பர் இல்லை. காக்கியை யாரும் கேட்கவில்லை.

எழுத்துத் தெரியாததை மறைக்க ஐம்பது வருஷம் பாடுபட்டேன். உனக்கு மட்டும் அது தெரியும். கூட்டத்தில் வாசிக்கும் தாள் என் கைக்கு வரும்போதெல்லாம், "சேட்டன் கண்ணாடியை மறந்துட்டார்" என்று சொல்லி வாங்கிப் படிப்பாயே. எத்தனை சனிக்கிழமை! ஒருநாளாவது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தெரியும் என்று காட்டிக்கொண்டதுண்டா நீ? அப்படி மூடி வைத்தவனைத்தான் நான் திறந்து போட்டேன்.

அடுத்து பள்ளிக்குப் போனேன். கோரா சாரிடம் சொல்லிவிட்டே போனேன். கூட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், உன் பெயரையும் சொல்ல மாட்டேன், நான் பைலியாக மட்டும் போகிறேன் என்றேன். அவர் குடை கொடுத்தார்.

தலைமை சிஸ்டர் கண்டிப்பானவர் என்று நீ சொல்லியிருக்கிறாய். உட்கார நாற்காலி காட்டினார். "சிஸ்டர், நான் குடிகாரன். பதினாலு வருஷமா தொடல. குடிச்சவன் எப்படி இருப்பான், விட்டவன் எப்படி இருப்பான்னு என்கிட்ட எது வேணா கேளுங்க, சொல்றேன். வேற ஒருத்தரைப் பத்தியும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவர் பேப்பரை எடுத்து மேசையில் வைத்து உன் முதுகில் விரலை வைத்தார். "இது யாரு?"

"அது முதுகு சிஸ்டர். முகம் என்னைவிட உங்களுக்குத்தான் நல்லா தெரியும். ஆறு வருஷமா தினம் காலையில பாக்குறீங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மைதானத்தில் பஸ் நனைந்துகொண்டு நின்றது. பிறகு சொன்னார், இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம், அந்த டிரைவர் தானே வந்து பேசினால் கேட்கத் தான் தயார், வராவிட்டால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று. வேலை தருகிறேன் என்று சொல்லவில்லை. கேட்கிறேன் என்றுதான் சொன்னார். அவ்வளவுதான் என்னால் வாங்க முடிந்தது.

ஞாயிறு, தேவாலயத்தில் குர்பானா முடிந்து வந்த பிறகு.

இவ்வளவு தூரம் எழுதியது, இனி எழுதப்போவதைத் தள்ளிப்போடத்தான்.

அன்று படத்துக்கு நிற்கப் போகும்போது நீ எனக்கு முன்னால் நடந்தாய். உன் சட்டை முதுகில் எழுத்து இருந்தது. அதை நான் படித்தேன், எல்தோ. ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து, தடுக்காமல், கடைசி வரை. பள்ளிப் பெயர், ஊர்ப் பெயர், டிரைவர். ஒரே மூச்சில் படித்துவிட்டேனே என்று எனக்குள் அப்படி ஒரு சந்தோஷம். உன் தோளைத் தட்டிச் சொல்ல நினைத்தேன். அதற்குள் போட்டோக்காரர் அசையாதீர்கள் என்றார், நான் அசையவில்லை. படித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று மேலே எழுதினேனே, அது பொய். அதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், என் புத்தி போன வழி உனக்குத் தெரியட்டும் என்று.

நேற்றுக் கூட்டத்தில் இதை எல்லோர் முன்னாலும் சொன்னேன். கோரா சார் கட்டன் சாயாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர்களிடம் சொன்னது போதாது. மன்னிப்பு உன்னிடம்தான் கேட்க வேண்டும். கேட்கிறேன்.

கோபம் இருந்தால் என் மேல் வைத்துக்கொள், எவ்வளவு வேண்டுமானாலும். அதைக் கிளாஸில் ஊற்றிக்கொள்ளாதே. ஊற்றிக்கொண்டிருந்தால் அதையும் நான் கேட்கவில்லை. நீ சொல்லவும் வேண்டாம். ஆறு வருஷம் இரண்டு மாதம் எங்கும் போய்விடாது. மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணலாம், நானும் உன்னோடு எண்ணுகிறேன்.

இதோடு ஒரு கார்டு வைத்திருக்கிறேன். என் விலாசத்தை நானே எழுதிவிட்டேன். நீ அதில் ஒரு எழுத்தும் எழுத வேண்டாம், அப்படியே தபால் பெட்டியில் போடு. அது என் கைக்கு வந்த மறுநாள் காலைப் பஸ்ஸில் ஏறுவேன். உன்னைக் கூட்டி வருவதற்கு என்று நினைக்காதே. பக்கத்தில் உட்காருவதற்கு. வரலாம் என்று உனக்குத் தோன்றினால் சேர்ந்து வருவோம்.

பதினேழாம் தேதிவரை தபால்காரரை எதிர்பார்ப்பேன். கார்டு வராவிட்டால் பதினெட்டாம் தேதி காலையில் கிளம்பிவிடுவேன். சாலியிடம் சொல்லி வை, எனக்குக் காரம் ஆகாது.

ஏலியாம்மா உனக்காகத் தினமும் ஜெபிக்கிறாள். நீ தூங்கும் நேரமும் விழிக்கும் நேரமும் கர்த்தர் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். நாம் கூட்டத்தில் சொல்வதுபோல, இன்றைக்கு ஒரு நாள், எல்தோ. இன்றைக்கு மட்டும்.

உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
பைலிச் சேட்டன்.